கச்சான் காலத்தில் காடு பார்க்கப் போகிறவர்களுக்கு

திருகோணமலைக்காரர் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் கோணேசர் கோவில், கன்னியா, நிலாவெளி, புறாத்தீவு என்று சுற்றிக் காட்டுவோம், பிள்ளைகள் யானை பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தால் மின்னேரியாவுக்கோ கவுடுல்லவுக்கோ வாகனம் பிடித்துப் போய் ஜீப்புக்கும் தனியாகக் காசு கட்டி, முன்னால் நிற்கிற இருபது ஜீப்பின் முதுகையும் அதற்கு அப்பால் தெரிகிற யானையின் முதுகையும் பார்த்துவிட்டு வருவோம். அந்த யானைகளின் அண்ணன் தம்பிமார் எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே நிற்பது எங்களுக்கு ஞாபகம் வருவது, வயலுக்குள் வந்து மிதித்தது என்று செய்தி வரும்போது மட்டும்தான்.

மூதூருக்குத் தெற்கே, கிளிவெட்டி தாண்டி, சேருவில-அல்லைச் சரணாலயம் இருக்கிறது. 1970இல் பிரகடனம் செய்தது, 15,540 ஹெக்டேயர். சீனக்குடாப் பக்கம் நேவல் ஹெட்வேர்க்ஸ் சரணாலயம், அது 1963இலிருந்து இருக்கிறது. ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கடற்படை, விமானப்படை முகாம்கள் என்பதால் புதிதாகப் போகிறவருக்கு நான் சொல்லமாட்டேன். சேருவிலப் பக்கம்தான் வசதி. அதற்கும் தெற்கே போனால் மகாவலியின் இரு கரையிலும் சோமாவதி தேசியப் பூங்கா.

இந்த இரண்டு பெயருக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். தேசியப் பூங்கா என்றால் அனுமதிச் சீட்டு வேண்டும், சீட்டு இல்லாமல் உள்ளே கால் வைத்தால் குற்றம். சரணாலயத்துக்குள் ஊர் இருக்கும், வயல் இருக்கும், கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருக்கும், தார் வீதி போகும், படலை கிடையாது, சீட்டுக் கொடுக்கிறவரும் கிடையாது. ஆனால் சட்டம் இருக்கிறது: 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அங்கே மிருகத்தைக் கொல்வது, பிடிப்பது, முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாம் தடை. இடையில் வனத் திணைக்களத்தின் ஒதுக்கக் காடும் வரும், எது எங்கே முடிகிறது என்று மரத்தில் எழுதி வைத்திருக்கமாட்டார்கள். அதனால் வீதியையும் குளக்கட்டையும் ஊராட்கள் நடக்கிற பாதையையும் விட்டு விலக வேண்டி வந்தால் முதலில் வனசீவராசிகள் திணைக்களத்தின் பக்கத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

சரி, இதற்கு முன் ஒரு பயிற்சி. காசு செலவில்லை. ஒரு நாள் காலையில் பிரட்றிக் கோட்டைக்குள் போய் ஒரு மணித்தியாலம் மான்களோடு இருங்கள். கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் நிற்கிற அதே புள்ளிமான்கள்தான், தினமும் பார்க்கிறதுதான், ஆனால் நின்று பார்த்திருக்கமாட்டீர்கள். எது கிடாய், எது மறி, கொம்பில் தோல் மூடியிருக்கிறதா உரிந்துவிட்டதா, நாய் ஒன்று வந்தால் முதலில் எந்த மான் தலை தூக்குகிறது, காலை எப்படி நிலத்தில் தட்டுகிறது, வாலை எப்போது நிமிர்த்துகிறது என்று பாருங்கள். காட்டு மான் இதையெல்லாம் நூறு யார் தூரத்தில் செய்யும், மூன்று செக்கனில் செய்து முடித்துவிட்டு மறைந்துவிடும். இங்கே படித்தால்தான் அங்கே விளங்கும். (கையில் இருக்கிற சாப்பாட்டைக் கொடுக்காதீர்கள். பொலித்தீன் தின்று பழகிய மான்கள் அவை, பாவம்.)

இனி எப்போது போவது. எங்கள் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. வறண்ட வலயம் என்று சொல்கிற இடத்துக்கு இது குறைந்த மழை இல்லை, சிக்கல் என்னவென்றால் அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மாரியில் காடு முழுக்கத் தண்ணீர், ஒவ்வொரு குண்டிலும் குழியிலும் தண்ணீர், ஆகவே மிருகங்கள் பரந்துபோய் நிற்கும். மகாவலி பெருகினால் பாதையும் இருக்காது. தை, மாசி, பங்குனியில் போனால் குளங்களில் பறவை நிறையப் பார்க்கலாம். சித்திரையோடு வெயில் ஏறி, வைகாசியில் கச்சான் தொடங்கும். வேர்க்கடலையைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த சூட்டோடு மேற்கிலிருந்து இறங்கி வருகிற அந்தக் காற்று வீசுகிற நாலைந்து மாதமும்தான், வைகாசி முதல் புரட்டாதி வரை, மிருகம் பார்க்கத் தோதான காலம்.

காரணம் எளிது. காட்டுக்குள் இருக்கிற சின்னச் சின்னத் தண்ணீர் எல்லாம் வற்றிவிடும், மிஞ்சுவது குளமும் ஆறும் மகாவலிக் கரையோர வில்லுகள் என்கிற சதுப்புத் தாழ்நிலங்களும்தான். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: யானை குளத்துக்கு வருவது குடிக்க மட்டும் இல்லை. குளம் வற்ற வற்ற, தண்ணீர் பின்வாங்கிய சேற்று நிலத்தில் பச்சைப் புல் முளைக்கும். காடு முழுக்கக் காய்ந்து கிடக்கிற நேரத்தில் ஒரு நாளைக்கு 150 கிலோ அளவுக்குத் தின்ன வேண்டிய மிருகத்துக்கு அந்தப் புல்தான் சோறு. ஆகவே குளத்தைப் பார்க்கும்போது தண்ணீரின் ஓரத்தைப் பாருங்கள், பச்சைக் கோடு எவ்வளவு அகலம் என்று பாருங்கள். அகலமாக இருந்தால் பின்னேரம் அங்கே கூட்டம் இருக்கும். கந்தளாய்க் குளத்தை ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்கிறார்கள். அல்லை, கந்தளாய் என்று பழைய மனிதர் வெட்டிய, கட்டிய குளங்கள் இல்லாவிட்டால் இந்தக் கச்சானில் இவ்வளவு மிருகம் தாக்குப்பிடித்திருக்காது. எங்கள் காட்டின் பெரும்பகுதி ஒரு காலத்தில் வயலாக இருந்து, ஆட்கள் விட்டுப்போன பிறகு மீண்டும் முளைத்த காடு; நடக்கும்போது செங்கல் துண்டும் கல்தூணும் காலில் தட்டும். தட்டினால் அப்படியே விட்டுவிடுங்கள், தோண்டாதீர்கள், அதற்கு வேறு சட்டம் இருக்கிறது.

ஆறு வற்றி மணலாகக் கிடக்கிற இடங்களையும் தவறவிடாதீர்கள். யானை மணலைக் காலால் கிண்டி, தும்பிக்கையால் அள்ளிப் போட்டு, ஊற்று வெட்டிக் குடித்துவிட்டுப் போகும். அது போன பிறகு அந்தக் குழிக்கு மான், பன்றி, மயில், குரங்கு, காட்டுக்கோழி என்று வரிசையாக வரும். ஒரு குழியைச் சுற்றி இருக்கிற ஈர மணலில் குந்தியிருந்து பத்து நிமிடம் பார்த்தால் முந்தின இரவு அங்கே யார் யார் வந்தார்கள் என்று கிட்டத்தட்ட எழுதியே இருக்கும்.

மரங்களில் நாலைத் தெரிந்துகொண்டால் போதும். பாலை, வீரை, முதிரை, சவண்டலை. கச்சானில் கூட இந்தக் காடு முற்றாக மொட்டையாகாது, ஏனென்றால் பாலையும் வீரையும் இலை உதிர்க்காத மரங்கள், இலை தடித்துத் தோல் மாதிரி இருக்கும். முதிரையும் சவண்டலையும் உதிர்க்கும். சவண்டலைக்கு உலகத்தில் இருக்கிற இன்னொரு பெயரே திருகோணமலை மரம். சென்னைக் கரையில் அலைக்குத் தாங்குகிற மசூலாப் படகு கட்ட இங்கிருந்துதான் ஏற்றினார்கள். ஆனால் மிருகம் பார்க்கப் போகிறவருக்கு முக்கியம் பாலை. வைகாசி, ஆனி, ஆடியில் சின்ன மஞ்சள் பழம் பழுத்துத் தொங்கும், வாயில் போட்டால் தேன் இனிப்பு, இருபது பழம் தின்றால் பாலில் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கரடிக்கு அதன்மேல் உயிர். பழக் காலத்தில் மரத்தில் ஏறிக் கிளையோடு முறித்துப் போட்டுத் தின்னும். அடிமரத்தில் நகக் கீறல் நீளமாக, பட்டை உரிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தால் புதியது, கறுத்துப்போயிருந்தால் பழையது. புதியது என்றால் அந்த மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

போகிற வழி சொல்கிறேன். முன்பு கிண்ணியாவுக்கும் அப்பாலுக்கும் பாதை என்கிற மிதவையில் ஏறி, அது இழுத்துக் கரை சேர்க்கும் வரை காத்திருந்துதான் போக வேண்டும். 2009இல் 396 மீற்றர் பாலம் திறந்த பிறகு மட்டக்களப்பு வீதியில் நேரே மூதூர், கிளிவெட்டி, அங்கிருந்து சேருவில. விடிய நாலரைக்கு வெளிக்கிடுங்கள். ஆறு மணிக்கும் ஒன்பதுக்கும் இடையில் பார்ப்பதைத்தான் பார்க்கலாம், பிறகு பின்னேரம் நாலு மணிக்குத்தான் காடு மறுபடி எழும்பும். நடுப்பகலில் வெயிலில் அலைகிறவரைப் பார்த்து மிருகம் சிரிக்கும். அந்த நேரம் மருத மரம் நிற்கிற ஆற்றங்கரை ஒன்றில் கட்டிக்கொண்டு போன றொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். குளிக்கிற எண்ணம் இருந்தால் ஊராட்கள் குளிக்கிற துறையில் மட்டும், முதலை இருக்கிற ஆறு அது.

யாரோடு போவது என்பது இதைவிட முக்கியம். வானில் எட்டுப் பேர் பாட்டுப் போட்டுக்கொண்டு போனால் குரங்கு பார்க்கலாம், அவ்வளவுதான். மூன்று பேருக்கு மேல் வேண்டாம், அதில் ஒருவர் அந்த ஊர் ஆளாக இருக்க வேண்டும். மாட்டுப் பட்டி வைத்திருக்கிறவர், தேன் எடுக்கிறவர், குளத்தில் மீன் பிடிக்கிறவர் யாரானாலும் சரி. வெருகல், மூதூர்ப் பக்கங்களில் தமிழ் பேசுகிற பழங்குடிக் குடும்பங்கள் இருக்கின்றன, காட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசி எனக்குத் தெரிந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஒரு நாள் வேலையை விட்டு வருகிறவருக்கு நாள் கூலியைக் கேட்காமலே கொடுங்கள்.

முதல் தடவை நான் செய்த பிழையைச் சொல்கிறேன். குளக்கட்டில் ஒரு நல்ல மறைவு பார்த்து, மூன்று மணித்தியாலம் அசையாமல் இருந்தேன். பின்னேரம் ஐந்து மணி போல் காட்டு விளிம்பில் ஐந்து யானை வந்து நின்றன, குட்டி ஒன்று உட்பட. முன்னால் நின்ற பெரிய பெண் யானை தும்பிக்கையைக் கேள்விக்குறி மாதிரி மேலே வளைத்து எங்கள் பக்கம் பிடித்தது. அரை நிமிடம். பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் ஐந்தும் திரும்பி உள்ளே போய்விட்டன. கூட வந்த பட்டிக்கார நானா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீங்க காலம்பற போட்ட சவுக்காரம் அதுக்கு மூதூர் மட்டும் மணக்கும்.” காற்று என் முதுகிலிருந்து குளத்தைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது, நான் அதை யோசிக்கவே இல்லை. காலையில் அவர் வேறு இடம் காட்டினார், எனக்கு வெளிச்சம் பிடிக்கவில்லை என்று மறுத்தது நான்தான். அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் ஒரு பிடி புழுதியை எடுத்து விழவிட்டுப் பார்ப்பேன். புழுதி உங்கள் முகத்துக்கு வந்தால் இருங்கள், மிருகத்தின் பக்கம் போனால் எழும்பி வேறு இடம் பாருங்கள். கச்சான் நாட்களில் காற்று மேற்கிலிருந்து என்பதால் பெரும்பாலும் குளத்தின் கிழக்குக் கரைதான் சரி வரும், ஆனால் காட்டு ஓரத்தில் காற்று சுழலும், அடிக்கடி பார்க்க வேண்டும். வாசனைச் சவர்க்காரம், சென்ட், தலைக்கு வைக்கிற வாசனை எண்ணெய் ஒன்றும் அன்றைக்கு வேண்டாம்.

இனி நிலத்தைப் பார்க்கப் பழகுங்கள். யானை லத்தியில் அருவருப்புப் பார்த்தால் காடு படிக்க முடியாது. ஒரு குச்சியால் பிரித்துப் பாருங்கள்: யானை தின்றதில் பாதி கூடச் செமிக்காது, ஆகவே நார், பட்டை, புல், விளாம்பழ ஓடு எல்லாம் அடையாளம் தெரிகிற மாதிரியே கிடக்கும். வெளிப்புறம் ஈரமாகப் பளபளத்து, உள்ளே கை காட்டினால் சூடு தெரிந்தால், தயவுசெய்து இந்தக் கட்டுரையை மறந்துவிட்டு வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள். வெளியே காய்ந்து உள்ளே ஈரம், வண்டு துளைத்திருக்கிறது என்றால் முந்தின நாள் சமாச்சாரம். நெல் உமி நிறைய இருந்தால் அந்த யானை இரவில் எங்கே போய் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. கரடி எச்சம் வேறு மாதிரி, பழக் காலத்தில் முழுக்கப் பாலைக் கொட்டையாக இருக்கும், மற்றக் காலத்தில் கறையான் துண்டுகள். புற்று ஒன்றை யாரோ மண்வெட்டியால் கொத்தினது போலக் கிண்டி வைத்திருந்தால் அதுவும் கரடிதான். மயிர் முறுகிய எச்சம் வெள்ளையாகக் காய்ந்து பாதை நடுவில் கிடந்தால் சிறுத்தை.

யானைக் காலடி கிடைத்தால் ஒரு கொடியை அறுத்து வட்டத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். முன்காலடி வட்டமாக இருக்கும், பின்காலடி நீள்வட்டம். முன்காலின் சுற்றளவை இரண்டு மடங்காக்கினால் ஏறக்குறைய அந்த யானையின் தோள் உயரம் வரும். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இதைச் செய்யவிடுங்கள், யானையே வராவிட்டாலும் அந்தக் கொடியை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் பிடித்துப் பார்ப்பார்கள்.

காது. கண்ணைவிடக் காதுதான் இங்கே வேலை செய்யும், ஏனென்றால் இருபது யாருக்கு அப்பால் பற்றை மறைத்துவிடும். முசுக் குரங்குக் கூட்டம் மரத்தில் இலை தின்னும்போது பாதியைக் கீழே போடும், அதைப் பொறுக்க மான் வந்து நிற்கும், ஆகவே குரங்குச் சத்தம் கேட்டால் மரத்தடியைப் பாருங்கள். அதே குரங்கு திடீரென்று இருமுகிற மாதிரி ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்பி, மானும் கீச்சென்று கத்தினால் சிறுத்தை நடமாடுகிறது என்று அர்த்தம். ஆள்காட்டிக் குருவி உங்களைக் கண்டு கத்துகிறதா வேறு எதையோ கண்டு கத்துகிறதா என்று பிரிக்கப் பழகச் சில நாள் பிடிக்கும். மாரியோடு வடக்கே இந்தியாவிலிருந்து வந்து சித்திரை வரை நிற்கிற ஆறுமணிக் குருவி காலையிலும் மாலையிலும் கிட்டத்தட்ட ஆறு மணிக்குக் கூப்பிடும், ஒன்பது நிறம் உள்ள குருவி, சருகுக்குள் தத்தித் தத்தி இரை தேடும். கச்சானில் போகிறவருக்கு அது கிடைக்காது, அது ஒன்றுதான் கவலை. கிளை முறிகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டால் யானை மேய்கிறது. முறிந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றுவிட்டால் யானை உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பயப்பட வேண்டியதற்குப் பயப்படுங்கள். ஊராட்களிடம் கேட்டால் யானையைவிடக் கரடிக்குத்தான் பயம் என்பார்கள், அது சரியும் கூட. யானை உங்களை முதலில் அறிந்துவிடும், பெரும்பாலும் விலகும். கரடி மண்ணுக்குள் மூக்கை விட்டுக் கறையான் உறிஞ்சிக்கொண்டிருக்கும், உங்களை அறியாது, திடீரென்று நேருக்கு நேர் கண்டால் முகத்துக்குத்தான் பாயும். அதனால் பற்றை அடர்ந்த இடத்தில் நடக்கும்போது ஒளிந்து நடக்காதீர்கள், மெல்லக் கதைத்துக்கொண்டே நடங்கள். யானையில் கூட்டத்தைவிடத் தனியன்தான் ஆபத்து. காதை ஆட்டிக்கொண்டு மேய்கிற யானை நிம்மதியாக இருக்கிறது. காதை விரித்தபடி அசையாமல் நின்று, தும்பிக்கையைச் சுருட்டி, வாலைத் தூக்கினால் உங்களுக்கு நேரம் முடிந்துவிட்டது.

மிருகத்தைவிட மோசமானது மனிதன் வைத்தது. வயல் ஓரத்துக் காட்டில் பன்றி போகிற ஒற்றையடித் தடத்தில் கட்டுத்துவக்குக் கட்டியிருப்பார்கள், முழங்கால் உயரத்தில் மெல்லிய கம்பி, காலில் பட்டால் வெடி உங்கள் தொடைக்கு. சுருக்குக் கம்பியும் இருக்கும். சேனைக்கும் வயலுக்கும் பக்கத்தில் மிருகத் தடத்தில் நடக்கவே வேண்டாம். மின்வேலியைத் தொட்டுப் பரிசோதிக்காதீர்கள், திணைக்களம் போட்டது விட்டுவிட்டு அடிக்கும், ஆளைத் தள்ளிவிடும், ஆனால் வீட்டு மின்சாரத்தைக் களவாக இழுத்துக் கட்டின கம்பி யானையையே கொல்லும், எது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை எங்காவது கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் இல்லை.

பாம்புக்கு நீளக் காற்சட்டையும் கணுக்காலை மூடிய சப்பாத்தும். புடையனும் சுருட்டையும் சருகோடு சருகாகக் கிடக்கும். கடித்தால் வெட்டாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஆளை அசையவிடாமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்து அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உள்ளே பல இடங்களில் சிக்னல் கிடையாது, ஆகவே சிக்னல் கடைசியாக எங்கே இருந்தது என்று நினைவில் வைத்துக்கொண்டு நடங்கள். உண்ணிக்கு, காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள்; கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெய் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அது பாதி வேலை செய்தது. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், தொப்பி, மங்கலான நிறத்துச் சேர்ட், ஒரு டோர்ச். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கடன் வாங்குங்கள். ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும். நெருப்புப் பெட்டியும்தான், கச்சான் சருகில் ஒரு சிகரெட் துண்டு போதும்.

பின்னேரம் ஐந்தரைக்கு எழும்பிவிடுங்கள், யானை அப்போதுதான் வெளியே வருகிறது என்றாலும் எழும்புங்கள். அது வருகிற அதே வீதியால்தான் நீங்களும் போக வேண்டும். கந்தளாய்ப் பக்கமாகத் திரும்புகிறவர்கள் இன்னும் கவனம், இருட்டில் கறுத்த யானை தார் வீதியில் நின்றால் பத்து யார் வரும் வரை தெரியாது. முன்னால் நிற்கக் கண்டால் ஹோர்ன் அடிக்காமல், பெரிய லைட் போடாமல், தள்ளி நிறுத்தி, அது போகும் வரை காத்திருங்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவர் இன்னும் தள்ளி. வழியில் மூதூரிலோ கிண்ணியாவிலோ சட்டித் தயிர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடுப்பை வாசலிலேயே கழற்றி வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, கணுக்கால், முழங்காலின் பின்புறம், இடுப்பு மடிப்பு எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். கடுகளவு உண்ணி அங்கேதான் ஒட்டியிருக்கும்.